நல்லதாப் போச்சு

2021 ஆகஸ்ட் 27, வெள்ளிக்கிழமை. யேல்-என்யுஎஸ் கல்லூரி இனிமேல் புதிய மாணவர்களைச் சேர்க்காது, அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 2025இல் பட்டம் வாங்கிப் போனதும் கல்லூரியே இருக்காது என்று செய்தி வந்தது. நான் அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு. தேசிய சேவையில் ஒரே முகாமில் இருந்த தமிழ்ப் பையன்கள் ஏழு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, ஃபுட்பால் மேட்ச், ரிசர்விஸ்ட் புலம்பல், அவ்வளவுதான் அதில் வரும். அன்றைக்கு யாரோ அந்தச் செய்தியைப் போட்டார்கள். நான் அதற்குக் கீழே இரண்டு சொல் தட்டினேன்: "நல்லதாப் போச்சு."

அந்த ஏழு பேரில் ஒருவன் அந்தக் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருந்தான். அதை மறந்துவிட்டு எழுதினேன் என்று சொன்னால் பொய். அவனைக் குத்தவேண்டும் என்று திட்டமிட்டு எழுதினேன் என்றாலும் பொய். விரல் முந்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக டிக் நீலமானது. அவன் ஒன்றும் எழுதவில்லை. வேறொருவன் ஒரு மீம் போட்டான். பேச்சு ஃபுட்பாலுக்குப் போய்விட்டது.

அந்த இரண்டு சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நியாய உணர்விலிருந்தா, பொறாமையிலிருந்தா? இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் சூடாக இருக்கிறது. கையை வைத்துப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

மலேசிய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் எங்கள் பல்கலைக்கழகமும் சேர்ந்து அறிவித்து, 2013இல் 157 மாணவர்களோடு திறந்த கல்லூரி அது. முழுதாக வளர்ந்த பிறகும் மொத்தம் ஆயிரம் பேர் அளவுதான். பல்லாயிரம் பேர் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓரத்தில் ஆயிரம் பேர். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். 'தாராளவாதக் கலைகள்' என்று மொழிபெயர்த்தால் ஏதோ கட்சி மாதிரி இருக்கிறது, அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன். எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும், ஆரம்பத்தில் எல்லாரும் தத்துவம், இலக்கியம், அறிவியல் என்று ஒரே பொதுப்பாடங்களைச் சின்னச் சின்ன வகுப்புகளில் உட்கார்ந்து படிக்கவேண்டும். கணிதம் படிக்க வந்தவனும் ராமாயணமும் ஒடிஸியும் படிப்பான். சாகா, எல்ம், செந்தானா என்று மரங்களின் பெயரில் மூன்று உறைவிடங்கள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே சண்டை போட்டுக்கொள்ளும் வாழ்க்கை.

என் விடுதி யூடவுனில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. பொறியியல் வகுப்புகள் விரைவுச்சாலைக்கு மேலே போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் காலையில் பாலத்தைக் கடந்து போய் ராத்திரி திரும்பி வருவேன். நடுவில் எதற்கும் நேரமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். என் வகையான ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்குப் போகிறோம் என்று சொல்லத் தெரியாத இடத்துக்குப் போகமாட்டோம். புள்ளி கிடைக்குமா, சான்றிதழ் உண்டா, ரெசூமேயில் ஒரு வரி ஏறுமா? இல்லையென்றால் டுட்டோரியல் கணக்கு போடலாம்.

முதல் வருஷம், ஒருநாள் அவன் போன் பண்ணினான். "டேய், சாயங்காலம் சும்மாதானே இருக்க? இங்க டீ குடிக்க வாடா. கேக்கு எல்லாம் இருக்கு."

கேக்குக்காகத்தான் போனேன். ரெக்டர்ஸ் டீ என்று அதற்குப் பெயர். யேலிலிருந்து வந்த வழக்கம். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து மாணவர்களோடு உட்கார வைத்துப் பேசவிடுவார்கள். அன்று வந்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். முப்பது பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் தரையில். பொன்னாடை இல்லை. குத்துவிளக்கு இல்லை. பேனர் இல்லை. வரவேற்புரையில் பத்து நிமிடம், சிறப்பு விருந்தினரின் பட்டங்களைப் படிப்பதில் பத்து நிமிடம் என்று எதுவும் இல்லை. எங்கள் தமிழ் நிகழ்ச்சிகளில் வளர்ந்த எனக்கு, நிகழ்ச்சி எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. முதலாண்டுப் பெண் ஒருத்தி, அந்த மனிதர் அதுவரை சொன்னதற்கு நேர்மாறாக ஒரு கேள்வி கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பத்து விநாடி இருக்கும், பேசாமல் யோசித்தார். பிறகு, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றார். ஒரு பெரிய மனிதர் மேடையில் பத்து விநாடி சும்மா இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அங்கே மேடையும் இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். பிளாக் பாக்ஸ் அரங்கில் மாணவர்களே எழுதிப் போட்ட நாடகங்கள். சில படு மோசம், சில இன்னும் ஞாபகம் இருக்கின்றன. பாதி ராத்திரியில் யாரோ போட்டுக்காட்டிய ஆவணப்படம். பெரும்பாலும் இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம். நுழைவாயிலில் யாரும் என்னை எந்தக் கல்லூரி என்று கேட்டதில்லை.

ஒருமுறை ஏதோ ஒரு நிகழ்ச்சி முடிந்து சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் வகுப்பில் ராமாயணம் ஓடிக்கொண்டிருந்த சமயம். வாலியை மறைந்து நின்று கொன்றது நியாயமா என்று பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தலைப்பில் நான் எத்தனை பட்டிமன்றம் பார்த்திருக்கிறேன்! நடுவர் தீர்ப்புச் சொல்வார், கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். ஆனால் இவர்கள் தீர்ப்புக்கு வரவே இல்லை. ஒருவன் ராமன் பக்கம் பேசுவான், ஒருத்தி மறுப்பாள், அவன் தான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வான். அதில் வேறு நாட்டுப் பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பி, தமிழில் தனியாக ஒரு ராமாயணம் இருக்கிறதாமே, அதில் இந்த இடம் எப்படி என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

நான் உயர்தமிழ் படித்தவன். ஓ லெவலில் ஏ வாங்கியவன். கம்பனில் ஒரு பாட்டு முழுதாகத் தெரியாது. "கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். மேசையில் எல்லாரும் நான் தொடர்ந்து சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். பேச்சு என்னைத் தாண்டிப் போனது.

மறுநாள் நூலகத்தில் கிஷ்கிந்தா காண்டம் உரையோடு எடுத்துவந்தேன். தமிழ்ப் பற்று என்று யாரும் நினைக்கவேண்டாம், அது வெட்கம். ஆனால் வெட்கத்தோடு திறந்தாலும் கம்பன் கம்பன்தான். மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து அதில் இருக்கும் பெயரை வாலி பார்க்கும் இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதைவிட ஆச்சரியம், மறைந்து நின்று ஏன் எய்தாய் என்ற கேள்விக்கு அங்கே ராமன் பதில் சொல்வதில்லை, இலக்குவன்தான் சொல்கிறான். நான் பார்த்த எந்தப் பட்டிமன்றத்திலும் அந்த மௌனத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதைப் போய் அந்தச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கல்லூரி எனக்குக் கம்பனைக் கொடுத்தது. அதற்காகவே அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே யாரும் என்னை அவமதித்ததில்லை. அவமதித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பணக்காரப் பிள்ளைகள், திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

2019 செப்டம்பரில் ஒரு விஷயம் நடந்தது. நாடகாசிரியரும் கவிஞருமான அல்ஃபியான் சாஅத் அந்தக் கல்லூரியில் நடத்தவிருந்த ஒருவாரத் திட்டம், சிங்கப்பூரில் உரையாடலும் மாற்றுக்கருத்தும் என்பது மாதிரித் தலைப்பு, தொடங்குவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ரத்தானது. கல்விசார் தரம் போதவில்லை, மாணவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டக்கூடும் என்று காரணம் சொன்னது கல்லூரி. யேல் விசாரித்து, கல்விச் சுதந்திரம் மீறப்படவில்லை என்று முடிவு சொன்னது. அக்டோபரில் கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் அல்ஃபியானின் கவிதையிலிருந்து வரிகளை வாசித்துக் காட்டினார். எங்கள் ஊரில் கவிதைக்கு அவ்வளவு பெரிய மேடை லேசில் கிடைப்பதில்லை. அந்த வாரங்களில் நண்பன் சரியாகத் தூங்கவில்லை, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஓ, உங்களுக்கும் அவ்வளவுதானா.' நான் நம்பும் எந்தக் கொள்கைக்கும் அந்த நிம்மதி ஒத்துவரவில்லை. நானும் அவன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளுக்குள் சின்னதாக ஒரு சிரிப்பு. இரண்டு வருஷம் கழித்து எழுதிய அந்த இரண்டு சொல்லுக்கு விதை அங்கே விழுந்திருக்கும்.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பாட்டி வீடு ஒரு பழைய வீவக புளோக்கில் ஏழாம் மாடி. அந்தக் காலத்து புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று நிற்கும். மற்றவர்கள் அங்கே இறங்கி, படியேறவோ இறங்கவோ வேண்டும். பாட்டி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடியில் இறங்கி இரண்டு மாடி ஏறுவார். ஐந்தாம் மாடிக்காரர்கள் மேல் அவருக்கு ஒரு தனிக் கோபம். அவர்கள் லிஃப்டைக் கட்டவில்லை, அவர்கள் கேட்டு அது அங்கே நிற்கவுமில்லை. ஆனாலும் 'அஞ்சாம் மாடிக்காரி' என்றால் பாட்டி அகராதியில் அது ஒரு வசவு. ஒருநாள் லிஃப்ட் பழுதாகிவிட்டது. பாட்டி ஏழு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து, சோஃபாவில் விழுந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "இன்னைக்கு அஞ்சாம் மாடிக்காரிங்களும் நடந்துதான்டா போறாளுங்க!"

நான் சின்னப் பையன். பாட்டியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய 'நீதியின் கோட்பாடு' நூலின் கடைசிப் பகுதியில் பொறாமையைப் பற்றி எழுதுகிறார். நண்பன் மேசையில் தலையணை மாதிரிக் கிடந்த புத்தகம் அது. நான் வேலைக்குப் போன பிறகுதான், அதுவும் அந்தப் பகுதியை மட்டும் தேடிப் படித்தேன். பிறருக்குக் கூடுதலாக இருப்பதைப் பறிப்பதற்காக நமக்கு இருப்பதையும் இழக்கத் தயாராக இருப்போமே, அதுதான் பொறாமை என்கிற மாதிரிச் சொல்கிறார். படித்ததும் பாட்டியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. மனக்கசப்பை அவர் வேறாகப் பிரிக்கிறார். அது அறவுணர்வு. எனக்குக் குறைவாக இருக்கிறது என்று கசந்துகொண்டால், எந்த ஏற்பாடு அநீதியானது, எப்படி அநீதியானது என்று எடுத்துக்காட்டும் கடமை எனக்கு வருகிறது. பொறாமைக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. டெரக் பார்ஃபிட் சமத்துவவாதிகளை நோக்கிக் கேட்ட கேள்வியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: மேலே இருப்பவரைக் கீழே இழுத்து, அதனால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லாமல் எல்லாரும் சமமானால், ஏதாவது ஒருவகையிலாவது நிலைமை முன்னேறியது என்று சொல்வீர்களா? நம் குறளில் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு, பதினேழாவது. பள்ளியில் அதைப் படித்தபோது அடுத்த வீட்டுக்காரனின் காரைப் பற்றியது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் எனக்காக வாதாடவும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நேர்மையாகாது. 2021 செப்டம்பரில் கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: அந்தக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, பல்கலைக்கழகத்தில் அதே மாதிரியான மானுடவியல், அறிவியல் படிப்புக்கு ஆவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அரசு மானியமும் அப்படித்தான், மாணவர் கட்டும் கட்டணமும் அப்படித்தான். எதிர்பார்த்த நன்கொடையும் சேரவில்லை. பொதுப்பணத்தில் இருமடங்கு ஆயிரம் பேருக்குப் போகிறது என்றால், போகாத மற்றவன் ஏன் என்று கேட்கலாம். அது பொறாமை இல்லை. கல்லூரியை மூடுகிறோம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் இன்னொரு திட்டத்தோடு இணைத்துப் புதுக் கல்லூரி தொடங்குகிறோம் என்றார்கள். 2022இல் தொடங்கியும்விட்டார்கள். அதில் என்னை மாதிரிப் பொறியியல் மாணவனும் சேரலாம். அப்படியானால் அது லிஃப்டைப் பிடுங்கியதாகுமா? எல்லா மாடியிலும் நிற்க வைத்ததாகுமா? பாட்டி புளோக்கில் பிற்பாடு மேம்பாட்டுத் திட்டம் வந்து ஏழாம் மாடியிலும் லிஃப்ட் நின்றது. ஐந்தாம் மாடியிலும் நின்றது. அந்தக் கோபத்துக்கு உண்மையான மருந்து அதுதான்.

நான் இதில் அரைமனதாகத்தான் இருக்கிறேன். சில நல்ல பொருள்களைப் பிரித்துக் கொடுக்கலாம், பணம், இடம், புத்தகம் மாதிரி. சிலவற்றைப் பிரித்தால் அவை அவையாக இருப்பதில்லை. முப்பது பேர் தரையில் உட்கார்ந்த டீயை முந்நூறு பேருக்கு ஆக்கினால் அது கருத்தரங்கம். பத்து விநாடி மௌனத்துக்கு அங்கே இடம் இருக்காது. சின்னதாக இருந்தால் மட்டுமே உயிரோடு இருக்கும் ஒன்றை, சின்னதாக இருக்கிறது என்பதற்காகக் குற்றம் சொல்ல முடியுமா? ஒன்று போதாது என்றால் அதே மாதிரி இன்னும் பத்து வேண்டும் என்று கேட்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்த டீக்கு என்ன செலவாகியிருக்கும்? ஓர் அறை, தண்ணீர் சுடவைக்க ஒரு கெட்டில், கேக். பேராசிரியர்களுக்கும் கட்டடத்துக்கும் இருமடங்கு செலவு, சரி. தரையில் உட்கார்ந்து வாலியைப் பற்றிப் பேச இருமடங்கு மானியம் வேண்டாமே? என் விடுதியில் ஒவ்வொரு தளத்திலும் பொது அறை இருந்தது. பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை இருந்தது. வருஷா வருஷம் 'சங்கே முழங்கு' மேடையேற்றினார்கள். ராத்திரி பகலாக உழைத்தார்கள். நான் பார்வையாளனாகப் போய்க் கைதட்டினேன். கிஷ்கிந்தா காண்டத்தை வைத்துக்கொண்டு நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார என்னை யாரும் தடுக்கவில்லை. எனக்குக் கிடைக்காதது என்று நான் கசந்துகொண்டதில் பாதி, நான் செய்யாதது. மீதிப் பாதி உண்மையிலேயே கிடைக்காதது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித்தான் 'நல்லதாப் போச்சு' என்று எழுதியிருக்கிறேன்.

இழப்பில் யாருக்குப் பங்கு என்று யோசிக்கும்போது நன்தா ஞாபகம் வருகிறது. நன்யாங் பல்கலைக்கழகம், 1956இல் வகுப்புகள் தொடங்கியது. சீன சமூகத்தின் பணத்தில் எழுந்தது. பெரிய முதலாளிகளோடு டிரைஷா ஓட்டுபவர்களும் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, நான் படித்த பல்கலைக்கழகம் உருவானது. நன்தாவில் காலே வைக்காத கிழவர்கள்கூட அதைப் பற்றிக் கண்கலங்கிப் பேசுவதாகச் சீன நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமிழர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தம் பிள்ளைகளே அந்தப் படியை மிதிப்பார்களா என்று தெரியாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நிற்பதற்கு ஏழாம் மாடிக்காரன் காசு கொடுத்த மாதிரி. அந்த மனசு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை, கொடுத்தவனுக்கு அது சொந்தமாகிவிடுகிறது, உள்ளே போகிறானா இல்லையா என்பது அப்புறம்தான். யேல்-என்யுஎஸ்ஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஒரு வெள்ளி கொடுத்ததில்லை. ஆனால் வரிப்பணம் போயிருக்கிறது. அது ஏன் அந்த மாதிரி ஒட்டவில்லை?

அவனை நேரில் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கோவிட் காலம், அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். கிளமெண்டியில் ஒரு பரோட்டாக் கடை. வேறு எதை எதையோ பேசினோம். கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நான் போட்ட மெசேஜ்..."

"ம்ம்."

"தப்புடா."

அவன் பரோட்டாவைப் பிய்த்துக் கறியில் தொட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான், "மச்சான், நீ போட்டதுல பாதி எனக்கும் அன்னைக்குத் தோணுச்சு. அதான் பதில் போடல."

நான் எதிர்பார்க்கவே இல்லை. அவனும் உட்லண்ட்ஸ் நாலறை வீட்டுப் பையன், உதவித்தொகையில்தான் படித்தான். லீவுக்கு எந்த நாட்டுக்குப் போறே என்று மற்றவர்கள் பேசும்போது அவன் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போவான். முதல் வருஷம் முழுக்க வகுப்பில் வாய் திறக்கவில்லையாம். "உள்ள இருந்தவனுக்கும் அது முழுசா சொந்தமில்லடா. ஆனா மூணாவது வருஷம் ஒருநாள் நான் பேசுனேன், எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. அப்ப இருந்து எனக்குச் சொந்தம். அது ஆகி ஒரு வருஷம்கூட ஆகல, மூடுறோம்னுட்டாங்க."

"அப்புறம் ஏன்டா பாதி தோணுச்சு?"

"நீ ஏன்டா டீக்கு வர்றத நிறுத்துன?" என்று திருப்பிக் கேட்டான். நான் அசைன்மெண்ட், இன்டர்ன்ஷிப் என்று ஏதோ சொன்னேன். அவன் பில்லைக் கொடுக்கப் போய்விட்டான். என் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை, அவன் கேள்விக்கு நான் சொல்லவில்லை.

இப்போது எனக்கு 28 வயது. கட்டடங்களின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓர் இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்துவதற்கு எங்களிடம் பக்கம் பக்கமாக நடைமுறை உண்டு. எதை முதலில் அடைப்பது, உள்ளே இருப்பதை எங்கே வடிப்பது, எந்த பாகத்தை எடுத்து வைப்பது, யார் கையெழுத்துப் போடுவது. அதனால்தானோ என்னவோ, 2025 மே மாதம் நண்பன் அனுப்பிய வீடியோ என்னை அப்படித் தாக்கியது. கடைசி மாணவர்கள் பட்டம் பெற்றுப் போகும் நேரம். கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மறுசுழற்சி லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.  பெரும்பகுதியை மற்ற நூலகங்களுக்கு மாற்றிவிட்டோம், பலவற்றைப் பேராசிரியர்களுக்குக் கொடுத்துவிட்டோம், மிஞ்சியவைதான் இவை என்று விளக்கம் வந்தது. மாணவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஊரே கேட்டது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

நான் துவாஸில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கூலிங் டவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். மின்விசிறிகளின் இரைச்சலில் வீடியோவின் சத்தம் கேட்கவில்லை. புத்தகங்கள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. இந்தமுறை உள்ளே எந்தச் சிரிப்பும் இல்லை. அதற்கு நான் நல்லவனாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. புத்தகத்தின் மேல் யாரும் பொறாமைப்பட முடியாது, அவ்வளவுதான்.

என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. இரண்டு மூன்றுமுறை எழுதி அழித்தேன். கடைசியில், "அதுல கம்பன் இருந்தானா?" என்று கேட்டேன்.

"தெரியல. நீ எதுவரைக்கும் வந்த?"

"இன்னும் வாலிகிட்டதான் நிக்கிறேன்."

"ஆறு வருஷமாவா?" சிரிக்கும் முகம் ஒன்று. பிறகு, "சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா? என் வீட்டுக்கு வா. புத்தகத்தை எடுத்துட்டு வா. டீ போடுறேன், கேக்கு கிடையாது."

போனேன். அவன் மனைவி, அவளுடைய தங்கை, நாங்கள் இரண்டு பேர். ஹாலில் தரையில் உட்கார்ந்தோம். அம்பில் இருக்கும் பெயரை வாலி படிக்கும் இடம் வந்ததும் அந்தத் தங்கை, பாலிடெக்னிக்கில் நர்சிங் படிக்கிறாள், "நெஞ்சுல குத்தியிருக்கிறதை வெளிய இழுக்கக்கூடாதே, ரத்தம் நிக்காதே, ஏன் இழுக்கிறான்?" என்று கேட்டாள். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. உரையில் இருக்குமா என்று அவன் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தான்.